பால் கணக்கும் பாட்டுக் கணக்கும்

அப்பாவிடம் 17 நோட்டுப் புத்தகங்கள் இருக்கின்றன. முன்பக்கமாகத் திறந்தால் ரப்பர் பால் கணக்கு: தேதி, வெட்டிய மரம், அடித்த ஷீட், வெட்டிலும் சிரட்டையிலும் ஒட்டி உறைந்த ஒட்டுப்பால் எத்தனை கிலோ, தோட்டத்துக்காரரிடம் வாங்கிய முன்பணம் எவ்வளவு என்று கோடு கிழித்து ஒழுங்காக எழுதியிருப்பார். அதே நோட்டைத் தலைகீழாகத் திருப்பிப் பின்பக்கமாகத் திறந்தால் பாட்டு. இரண்டும் இரு முனைகளிலிருந்து வளர்ந்துவந்து நடுவில் ஏதோ ஒரு பக்கத்தில் முட்டிக்கொள்ளும். அன்றைக்கு அப்பா குலசேகரம் சந்தைக்குப் போய் அடுத்த நோட்டை வாங்கி வருவார். கடந்த ஆடி மாதத்திலிருந்து இந்த நோட்டுகளை ஒவ்வொன்றாகக் கணினியில் தட்டச்சு செய்து வருகிறேன். இதுவரை 148 தனிப்பாடல்களும் 6 முழுநீளக் கதைகளும் சேர்ந்திருக்கின்றன. எதன் அடியிலும் அப்பா தம் பெயரை எழுதவில்லை. பால் கணக்கின் கீழே மட்டும் ஒவ்வொரு மாதமும் கையெழுத்து இருக்கிறது.

ஏறத்தாழ ஐம்பது ஆண்டுகள் வில்லுப்பாட்டுப் பாடியவர் அவர். குமரி மாவட்டத்து மலையோர ஊர்களில் வில்லுக்காரர் என்றும், நாஞ்சில் நாட்டுக் கோயில்களில் புலவர் என்றும், கொடை எனப்படும் கோயில் திருவிழாவின் நோட்டீஸில் வில்லிசை என்ற தலைப்பின் கீழே வெறும் பெயராகவும் அறியப்பட்டார். பாடலாசிரியர் என்று அவரை ஒருவரும் அழைத்ததில்லை. நாட்டார் பாடலுக்கு ஆசிரியர் கிடையாது, அது மக்கள் வாயிலிருந்து தானாக வந்தது என்று கல்லூரியில் எனக்குச் சொல்லித் தந்தார்கள். தேர்வில் அதையே எழுதி மதிப்பெண்ணும் வாங்கினேன். ஆனால் அந்தப் பாட்டுகளில் சில எந்த நாளில், எந்தத் தோட்டத்தில், எத்தனை மணிக்குப் பிறந்தன என்பதை நோட்டின் மறுபக்கத்துத் தேதியை வைத்து என்னால் சொல்ல முடியும். அதைச் சொல்லியாக வேண்டும் என்பதற்காகவே இதை எழுதுகிறேன்.

ரப்பர் மரத்தை வெயிலேறும் முன் வெட்ட வேண்டும். பட்டைக்குள் பாலின் அழுத்தம் மிகுந்திருப்பது விடியலுக்கு முன்புதான். சூரியன் ஏறிவிட்டால் ஓட்டம் குறைந்துபோகும். ஆகவே அப்பா அதிகாலை மூன்று மணிக்குத் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பிவிடுவார். முன்னூற்றுச் சொச்சம் மரங்கள். ஒவ்வொன்றிலும் முந்திய வெட்டுக்குக் கீழே நகத்தளவுகூட இல்லாத ஒரு சீவல், சரிவாக. பால் அந்தச் சரிவில் இறங்கிச் சிரட்டையில் சொட்டும். கத்தி ஆழமாகப் போனால் மரத்துக்குக் காயம், மேலோட்டமாகப் போனால் பால் வராது. கைக்கு இவ்வளவு கவனம் தேவைப்படும் வேலையில் வாய்க்கு எந்த வேலையும் இல்லை என்பதுதான் அப்பாவுக்கு வாய்த்த வசதி. ஒரு மரத்திலிருந்து அடுத்த மரத்துக்கு நடக்கிற ஏழெட்டு அடியில் ஒரு வரியைக் கட்டுவார். எழுதிக்கொள்ள முடியாது, கையெல்லாம் பால். எனவே வரியை மரத்தின் பொறுப்பில் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போவார். பால் எடுக்கத் திரும்பி வரும்போது அந்தந்த மரத்தடியில் அந்தந்த வரி நினைவுக்கு வரும் என்று சொல்வார். நான் சிறுமியாக இருந்தபோது பள்ளி விடுமுறையில் வாளி தூக்கக் கூடப் போயிருக்கிறேன். பாதி வழியில் நின்று, "அந்தக் கோணல் மரத்துல ஒண்ணு வச்சிருந்தேன் மக்ளே, விட்டுப்போச்சு" என்று நான்கு மரம் திரும்பி நடப்பார். கோணல் மரத்தைத் தொட்டதும் வரி வந்துவிடும். எனக்கு அது அப்போது வியப்பாகவே தோன்றவில்லை. எல்லார் வீட்டு அப்பாக்களும் அப்படித்தான் என்று நினைத்திருந்தேன்.

இரண்டு தொழிலும் ஒன்றுக்கொன்று இடம் விட்டன. மாசி வாக்கில் ரப்பர் இலை உதிர்த்து நிற்கும், வெட்டு நின்றுபோகும். பங்குனி பிறந்ததும் கொடைக்காலம் தொடங்கிவிடும். பங்குனி, சித்திரை, வைகாசி மூன்று மாதமும் தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம் பக்கங்களில் சுடலைமாடனுக்கும் இசக்கியம்மனுக்கும் முத்தாரம்மனுக்கும் கொடை. பலகாரத்துக்கும் பள்ளிக்கூடக் கட்டணத்துக்கும் எங்கள் வீடு நம்பியிருந்தது அந்த மாதங்களைத்தான்.

1971-இல், 18 வயதில், அப்பா நாஞ்சில் நாட்டு அண்ணாவி ஒருவரின் குழுவில் இடப்பக்கம் பாடுபவராகச் சேர்ந்தார். வில்லுப்பாட்டு மேடையைப் பார்த்திராத வெளியூர் வாசகர்களுக்காக ஒரு வார்த்தை. நடுவில் நீண்ட வில், அதன் நாணில் வீசுகோலால் அடிக்கும்போது வில்லில் கோத்த வெண்கல மணிகள் குலுங்கும். வில்லைத் தாங்கும் மண்குடத்தின் வாயில் ஒருவர் பாளைமட்டையால் அடிப்பார். உடுக்கு, தாளம், கட்டை ஆகியவை சுற்றிலும் இருக்கும். வலப்பக்கம் இருப்பவர் அண்ணாவி. அவர் கதையை எடுத்துச் செல்வார், இடப்பக்கம் இருப்பவர் அவருடைய வரியின் வாலைப் பிடித்துக்கொண்டு திருப்பிப் பாடுவார். காப்பு, வருபொருள், குருவணக்கம், அவையடக்கம், நாட்டுவளம், அதன் பிறகு கதை, கடைசியில் வாழி. கதையில் கை வைக்க முடியாது. மாடன் பிறப்பும் இசக்கி பிறப்பும் தலைமுறைகளாகப் பாடப்பட்ட பாடமாகவே வர வேண்டும். ஒரு சொல் பிசகினால் முன்வரிசையில் இருக்கிற கிழவி எழுந்து திருத்துவாள். சாமியாடிக்கு அருள் வருவதே ஒரு குறிப்பிட்ட இடத்தில்தான். அந்த இடத்தை மாற்றிப் பாடினால் கொடையே நின்றுபோகும்.

ஆனால் நாட்டுவளம் அப்படியல்ல. கதை ஒன்றுதான் என்றாலும் ஊர் வேறு. இந்த ஊரின் குளம், இந்த ஊரின் வயல், இங்கே ஓடுகிற கால்வாய் என்று அந்தந்த ஊருக்குப் புதிதாகப் பாட வேண்டும். பல குழுக்கள் எல்லா ஊருக்கும் பொருந்துகிற ஒரு வளத்தை வைத்துக்கொண்டு ஊர்ப் பெயரை மட்டும் மாற்றிப் பாடி ஒப்பேற்றிவிடும். அப்பாவின் அண்ணாவி அதற்குச் சம்மதிக்க மாட்டார். நண்பகலிலேயே போய்ச் சேர்ந்து, அப்பாவை அனுப்பி ஊரைச் சுற்றிப் பார்த்துவரச் செய்வார். குளத்துக்கு என்ன பெயர், மடை எந்தப் பக்கம், எந்த மாமரத்தில் யார் தூக்குப் போட்டுக்கொண்டார்கள், எந்த வீட்டுப் பாட்டி பிரசவம் பார்ப்பவள் என்றெல்லாம் கேட்டுவந்து, இரவு வில் கட்டுவதற்குள் நாற்பது வரியாவது ஆக்கிவைக்க வேண்டும். எட்டு ஆண்டுகள் அப்பா அப்படியே பழகினார். பாட்டெழுதக் கற்றுக்கொடுக்க இதைவிடக் கடுமையான பள்ளி இருக்குமா என்று தெரியவில்லை. அந்த ஊர்க்காரர்கள் முன்னால் அந்த ஊரைப் பற்றிப் பாடும்போது பொய் சொல்ல முடியாது.

கலைவாணர் என்.எஸ். கிருஷ்ணன் பிறந்த ஒழுகினசேரி நாகர்கோவிலில்தான் இருக்கிறது. வில்லுப்பாட்டில் புதிய கதையும் புதிய கருத்தும் பாடலாம் என்று காட்டியவர்களில் அவர் முன்னவர். அவர் சென்னைக்கு அழைத்துச் சென்ற சுப்பு ஆறுமுகம் நெல்லைச் சீமைக்காரர்; 2021-இல் பத்மஸ்ரீ பெற்று 2022-இல் மறைந்தார். அவர்கள் வில்லை ரயிலேற்றினார்கள், தமிழ்நாடு முழுதும் கேட்டது. அதைப் பற்றி எங்கள் வீட்டில் பெருமையைத் தவிர வேறு பேச்சு இருந்ததில்லை. ஆனால் ரயிலேறாமல் இங்கேயே இருந்து, இங்குள்ள குளத்துக்கும் மடைக்கும் பாடியவர்கள் எத்தனையோ பேர். அப்பா அவர்களில் ஒருவர்.

1982-இல் சொந்தக் குழு தொடங்கினார். முதல் அச்சாரம் வெற்றிலை பாக்கின் மேல் வைத்த 51 ரூபாய் என்று மூன்றாவது நோட்டில் இருக்கிறது. ஒரு கொடைக்கு மொத்தமாகக் கிடைப்பதை ஏழு பங்காகப் பிரிப்பார்கள்: அப்பாவுக்கு இரண்டு, குடக்காரருக்கு ஒன்றரை, மற்றவர்களுக்கு மீதி, வில்லுக்கும் குடத்துக்கும் அரைப் பங்கு. குடம் உடைந்தால் அந்த அரைப் பங்கிலிருந்து புதுக்குடம். கருவிக்கும் பங்கு ஒதுக்கிய அந்தக் கணக்கு எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது.

அடுத்த ஆண்டே தம்முடைய முதல் முழுக் கதையை எழுதினார். பேச்சிப்பாறை அணை கட்டிய கதை. கோதையாற்றின் குறுக்கே திருவிதாங்கூர் அரசு கட்டிய அந்த அணை 1906-இல் முடிந்தது. பொறியாளர் மிஞ்சினின் பெயரை எங்கள் பக்கத்தில் இன்றும் சொல்வார்கள். அப்பாவின் கதையில் மிஞ்சினும் வருகிறார், மகாராஜாவும் வருகிறார். ஆனால் கதையின் நடுவே கல் சுமக்கிற ஒரு பெண் வருகிறாள். அவளுக்குப் பெயர் இல்லை. வில் நின்று, குடம் மட்டும் மெல்லத் தொடர, இந்த இரண்டு வரி வரும்:

கல்லெடுத்துச் சொமந்தவளே, கணக்குலதான் பேருண்டோ?
நெல்லெடுத்துப் பொலிதூத்தும் நேரமாச்சும் நெனப்புண்டோ?

இதைப் பால் கணக்கின் எதிர்ப்பக்கத்தில் வைத்துப் பார்த்தால், எழுதிய நாள் 1983 நவம்பர். அன்று 290 மரம் வெட்டியிருக்கிறார். மழை வந்து பால் கெட்டிருக்கிறது. தட்டச்சு செய்யும்போது இந்த வரிகளில் நான் வெகுநேரம் நின்றுவிட்டேன். அணையின் தண்ணீரில் விளைந்த நெல்லைத் தூற்றுகிறவர்களிடம், கல் சுமந்தவளின் நினைப்பு உண்டா என்று கேட்கிற மனிதர், தம் பெயரை மட்டும் ஏன் எழுதாமல் விட்டார்?

கோயில் கமிட்டிகள் இந்தக் கதையை எளிதில் ஏற்கவில்லை. சாமிக்குச் சாமி கதைதான் வேண்டும் என்றார்கள், அது நியாயமும்கூட. கொடை என்பது கச்சேரி அல்ல. ஆகவே பின்னிரவு இரண்டு மணிக்கும் நான்கு மணிக்கும் இடையில், கூட்டம் பாயில் சாய்ந்து, குழந்தைகள் உறங்கி, சாமியாடிகளும் சற்று ஓய்ந்திருக்கும் நேரத்தைப் பிடித்துக்கொண்டார். விழித்திருக்கிற இருபது முப்பது பேருக்காகப் பாடினார். அவருடைய சொந்தப் பாட்டுகள் எல்லாமே அந்த நேரத்துக்கு எழுதப்பட்டவை என்பதை அவற்றைச் சேர்த்து வைத்துப் படிக்கும்போது உணர்கிறேன். ஒன்றிலும் கத்தல் இல்லை. தூங்குகிறவரை எழுப்பாமல், விழித்திருப்பவரிடம் பேசுகிற குரல்.

நாகர்கோவில் வானொலி 1984-இல் வந்தது. நாட்டிலேயே முதல் உள்ளூர் வானொலி நிலையம் என்ற பெருமை அதற்கு உண்டு. இரண்டு ஆண்டு கழித்து அப்பா குரல் தேர்வுக்குப் போய்ப் பி கிரேடு பெற்றார். விடிய விடியப் பாடியவருக்கு அரை மணி நேரம் தந்தபோது என்ன செய்வதென்று புரியவில்லை. ஆனால் அந்தச் சுருக்கம் அவருடைய பாட்டுக்கு நல்லதையே செய்தது. ஏழாவது நோட்டிலிருந்து அடித்தல் திருத்தல்கள் மிகுதியாகின்றன. ஒரே வரியை மூன்று விதமாக எழுதி இரண்டை அடித்திருக்கிறார். அதுவரை நினைவில் கட்டி நோட்டில் ஏற்றிய பாட்டு அங்கேதான் முதன்முதலாகத் தாளிலேயே உருவாகிறது. எழுத்துப் பிரதியோடு ஒரு தாளில் விவரம் எழுதித் தர வேண்டியிருந்தது. அதன் நகல் ஒன்று நோட்டுக்குள் மடித்து வைக்கப்பட்டிருக்கிறது. பாடுபவர் என்ற இடத்தில் தம் பெயர். இயற்றியவர் என்ற இடத்தில், அவரே தம் கையால், பாரம்பரியம் என்று எழுதியிருக்கிறார்.

சென்ற மாதம் அதைக் காட்டிக் கேட்டேன். வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "சாமி முன்னால பாடுன பாட்டுக்கு எம் பேர போடவான்னு கூச்சமா இருந்துது மக்ளே. ஆசான் போடல, நான் எப்படிப் போட?" அவருடைய பணிவை நான் மதிக்கிறேன். ஆனால் அந்தப் பணிவை மற்றவர்கள் எப்படிப் பயன்படுத்திக்கொண்டார்கள் என்பதையும் சொல்ல வேண்டியிருக்கிறது.

அதற்கு முன், நோட்டில் மகிழ்ச்சியான ஒரு பகுதி. எங்கள் அடுத்த வீட்டார் கிறிஸ்தவர்கள். மார்கழி பிறந்தால் அவர்கள் வீட்டில் ஜிம் ரீவ்ஸின் கிறிஸ்துமஸ் பாட்டு ஒலிநாடா காலையும் மாலையும் ஓடும். அமெரிக்க நாட்டுப்புற இசைப் பாடகரான அவர் 1964-இல் விமான விபத்தில் இறந்துபோனவர். அவர் இறந்து கால் நூற்றாண்டு கழித்தும் குமரி மாவட்டத்து ரப்பர் தோட்டத்து வீடொன்றில் அவர் குரல் கேட்டுக்கொண்டிருந்தது. அப்பாவுக்கு ஆங்கிலம் தெரியாது. திண்ணையில் உட்கார்ந்து கேட்டுவிட்டு, "இந்த ஆளு கத சொல்லுகது மாதிரில்லா பாடுகாரு, தொண்டைய இறுக்கவே இல்ல பாத்தியா" என்பார். அந்த வீட்டு அண்ணன் கேட்டுக்கொண்டதால், மாட்டுத் தொழுவத்தில் இடம் கேட்டு அலைகிற சூசையப்பரின் கதையை வில்லுக்கு எழுதினார். அது பல தேவாலயத் திருவிழாக்களில் பாடப்பட்டது. குரலை இறக்கிப் பேசுகிறமாதிரி பாடுகிற அவருடைய முறை அந்தத் திண்ணையில் உறுதிப்பட்டது என்றே நினைக்கிறேன். 1989-இல் கோயிலும் தேவாலயமுமாக 61 இரவுகள் பாடியிருக்கிறார். அதுதான் அதிகம்.

1997-இல் வெளியூரிலிருந்து ஒரு கேசட் நிறுவனத்தார் வந்தார்கள். ஒரே நாளில் எட்டுப் பாட்டைப் பதிவு செய்துகொண்டார்கள். குழு முழுவதற்குமாக 4,000 ரூபாய். எழுதாத முத்திரைத்தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மூன்று மாதம் கழித்து வந்த கேசட்டின் அட்டையில் இசக்கியம்மன் படமும், கிராமியப் பாடல்கள் என்ற சொல்லும் இருந்தன. இயற்றியவர் பெயர் எங்குமில்லை. அதை அப்பா பொருட்படுத்தவில்லை. அவரை உடைத்தது வேறொன்று. அடுத்த கொடைக்காலத்தில், பதினான்கு ஆண்டுகளாகத் தொடர்ந்து அழைத்துவந்த ஒரு ஊரிலிருந்து அச்சாரம் வரவில்லை. போய்க் கேட்டபோது, "உம்ம கேசட்டே இருக்கே அண்ணாச்சி, அதப் போட்டா போதும்னு கமிட்டியில சொல்லிட்டாங்க" என்றார்களாம். சொன்னவர் அதைப் பாராட்டாகவே சொல்லியிருக்கிறார். தம் குரலே தமக்குப் போட்டியாக ஒலிபெருக்கியில் ஏறியதைக் கேட்டுக்கொண்டு அப்பா பேருந்துக்குக் காத்திருந்த அந்த மாலையை அவர் நோட்டில் எழுதவில்லை. அந்த வாரத்துப் பக்கத்தில் பால் கணக்கு மட்டும் இருக்கிறது.

இந்த வேலையைத் தொடங்கிய பிறகுதான் நான் சட்டத்தைப் படித்தேன். அப்பாவைப் போன்றவர்களின் பிள்ளைகள் யாராவது இதைப் படித்தால் பயன்படும் என்பதால் சற்று விரித்தே சொல்கிறேன். 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டப்படி, ஒரு பாட்டை ஒருவர் புதிதாக ஆக்கி எழுதிய கணத்திலேயே அதன் உரிமை அவருக்கு உண்டு. எங்கும் பதிவு செய்ய வேண்டிய கட்டாயம் இல்லை. பதிவு என்பது பின்னால் வழக்கு வந்தால் உதவும் சான்று, அவ்வளவுதான். உரிமையை மற்றவருக்கு மாற்றித் தருவது எழுத்தில், கையொப்பத்தோடு இருக்க வேண்டும். எத்தனை காலத்துக்கு என்று அதில் குறிப்பிடாவிட்டால் ஐந்து ஆண்டுகளுக்கே செல்லும். எந்த நிலப்பரப்புக்கு என்று குறிப்பிடாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும். எல்லாவற்றையும் விற்றுவிட்டாலும்கூட, இதை ஆக்கியவர் நான் என்று உரிமை கோருவது ஆசிரியரிடமே நிற்கும். அவர் காலத்துக்குப் பிறகு 60 ஆண்டுகள் வரை பாட்டின் உரிமை வாரிசுகளுக்கு உண்டு. பழைய மரபுக் கதைக்கு யாரும் உரிமை கோர முடியாது, கோரவும் கூடாது. மாடன் கதை எல்லாருக்கும் பொது. ஆனால் பேச்சிப்பாறைக் கதை பொது அல்ல. நாட்டார் மெட்டில் இருப்பதாலேயே ஒரு பாட்டு ஆளில்லாப் பாட்டு ஆகிவிடாது. எழுதாத தாளில் கையெழுத்துப் போடாதீர்கள். நோட்டில் தேதி போடுங்கள். இந்த இரண்டையும் செய்திருந்தால் பாதிச் சிக்கல் இல்லை. அப்பாவுக்குத் தேதி கிடைத்தது பால் கணக்கின் புண்ணியத்தில்.

சுனாமி வந்த மறு ஆண்டு, 2005 டிசம்பரில், குளச்சல் பக்கத்துக் கடற்கரை ஊர் ஒன்றிலிருந்து நினைவுநாளுக்குப் பாட அழைத்தார்கள். அப்பா மலைப்பக்கத்து ஆள். கடல் பாட்டு எனக்கு வராது என்று முதலில் மறுத்தார். பிறகு ஒரு வாரம் முன்னதாகவே போய், பழைய வழக்கப்படி ஊரைச் சுற்றினார். நானும் கூட இருந்தேன். ஒரு வீட்டில் ஒரு அம்மா அலையைப் பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. கிறிஸ்துமஸுக்கு மறுநாள் அல்லவா, பண்டிகைக்குச் செய்த முந்திரிக்கொத்து ஒரு தகர டின்னில் இருந்தது, வீடு போயிற்று, பிள்ளைகள் இரண்டு பேரும் போனார்கள், அந்த டின் மட்டும் மூடி திறக்காமல் தென்னை மூட்டில் கிடந்தது என்றார். அதைத் திறக்கவா வேண்டாமா என்று ஓர் ஆண்டாக யோசிப்பதாகச் சொன்னார். அப்பா எதுவும் பேசாமல் அவர் கையைப் பிடித்துக்கொண்டு இருந்தார்.

நினைவுநாளன்று அவர் வில்லிலிருந்து மணிகளை எல்லாம் கழற்றிவிட்டார். மணியில்லாத வில்லை அடித்தால் கட்டைக் குரல்தான் வரும். கூட்டத்தில் பலரும் அப்படி ஒரு வில்லோசையைக் கேட்டதே இல்லை. பாட்டில் கடல் என்ற சொல்லோ அலை என்ற சொல்லோ வரவில்லை. மூடிய டின்னைப் பற்றி மட்டுமே பாடினார். பாடி முடித்ததும் யாரும் கைதட்டவில்லை, எழுந்து போகவும் இல்லை. அந்தப் பாட்டு நோட்டில் இருக்கிறது. ஆனால் அதன்பின் அவர் அதைப் பாடவே இல்லை, வானொலியிலிருந்து கேட்டபோதும் தரவில்லை. நானும் அதைத் தட்டச்சு செய்து வைத்திருக்கிறேனே தவிர, அந்த ஊரின் சம்மதம் இல்லாமல் எங்கும் வெளியிட மாட்டேன்.

பிந்திய ஆண்டுகளைப் பற்றிச் சொல்ல அதிகம் இல்லை. கீபோர்டு வந்தது, சினிமா மெட்டு வந்தது, பெண்கள் தலைமையேற்ற குழுக்கள் வந்தன. கடைசியாகச் சொன்னது இந்தக் கலைக்குக் கிடைத்த வரம் என்று அப்பா சொல்வார். நாட்டுப்புறக் கலைஞர் நலவாரிய அட்டை ஒன்று கிடைத்தது. 2020 மார்ச்சில் ஊரடங்கு வந்தபோது அந்தக் கொடைக்காலத்துக்கு 11 அச்சாரங்கள் வாங்கியிருந்தார். சட்டப்படி திருப்பித் தர வேண்டியதில்லை என்று குடக்காரர் சொன்னபோதும், பாடாத பாட்டுக்குப் பணம் எப்படி வாங்குவது என்று ஒவ்வொன்றாகத் திருப்பி அனுப்பினார். மறு ஆண்டும் கொடைகள் நின்றன. அதற்கடுத்த ஆண்டு, 69 வயதில் மேடையேறியபோது, பின்னிரவில் குரல் நிற்கவில்லை. அத்தோடு வில்லை அவிழ்த்துப் பரணில் வைத்துவிட்டார்.

இந்த ஆண்டு தை மாதத்தில் என் அலுவலகத் தோழி கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினாள். தோவாளைப் பக்கத்துக் கொடை ஒன்று. இருபத்தைந்து வயதுகூட நிரம்பாத ஒரு பெண் வலப்பக்கம் இருந்து, கல் சுமந்தவளைப் பாடிக்கொண்டிருந்தாள். பல லட்சம் பேர் பார்த்திருந்தார்கள். கீழே மரபுப் பாடல் என்று போட்டிருந்தது. எனக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. எண்ணைத் தேடிப் பிடித்துப் பேசினேன். அந்தப் பெண் திகைத்துப்போனாள். "அக்கா, சத்தியமா இத எழுதுனவங்க இருக்காங்கன்னே தெரியாது. எங்க ஆசான் பாடுவாரு, அவரு கேசட்ல கேட்டுப் படிச்சதா சொல்லுவாரு" என்றாள். அன்று இரவே அப்பாவின் பெயரைச் சேர்த்துவிட்டாள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பூவும் பழமுமாக வீட்டுக்கு வந்து காலில் விழுந்தாள்.

அப்பா அவளைப் பாடச் சொன்னார். இரண்டாவது வரியில் அவள் நேரமாச்சும் நெனப்புண்டோ என்று பாடவில்லை. நேரமெல்லாம் நெனப்புண்டு என்று பாடினாள். நான் திருத்தப் போனேன். அப்பா கையமர்த்தினார். "நான் கேட்டு விட்டேன், இவ பதிலு சொல்லிட்டா. இது நல்லாருக்கு, இப்படியே பாடு பிள்ளே" என்றார். என்னைப் பொறுத்தவரை கேள்வியாக இருப்பதே வலுவான வரி. இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன். ஆனாலும் தட்டச்சில் அப்பாவின் வரிக்குக் கீழே அவளுடைய வரியையும் சேர்த்து, அவள் பெயரையும் பாடிய ஆண்டையும் எழுதிவிட்டேன்.

இப்போது பன்னிரண்டாவது நோட்டில் இருக்கிறேன். அதில் இரண்டு பக்கங்கள் ரப்பர் பால் சிந்தி ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டுவிட்டன. நீராவி காட்டிப் பார்த்தேன், பிரிய மாட்டேன் என்கிறது. இழுத்தால் எழுத்தும் சேர்ந்து வந்துவிடும். வெளியே தெரிகிற முதல் வரியை அப்பாவிடம் படித்துக் காட்டினேன். கண்ணை மூடி யோசித்தார். பாட்டு நினைவுக்கு வரவில்லை. இடம் நினைவுக்கு வந்தது. "அது பாறையடித் தோட்டத்துல கெழக்க மூணாவது வரிசை மக்ளே. ஒரு மரத்துல பட்ட வெடிச்சிருக்கும், அங்க இருந்து தொடங்கும்" என்றார். அந்தத் தோட்டத்தில் வயதான மரங்களை வெட்டிவிட்டுப் புதுக்கன்று வைத்துப் பத்தாண்டுக்கு மேல் ஆகிறது. அவருக்கும் தெரியும். இருந்தாலும் வருகிற ஞாயிற்றுக்கிழமை விடியலுக்கு முன் அங்கே அழைத்துப் போகச் சொல்லியிருக்கிறார். தலையில் கட்டும் விளக்குக்குப் புதுப் பேட்டரி வாங்கி வைத்திருக்கிறேன்.